ஆம்பாங் முதல் பத்து காந்தோங் வரை: பந்தயக் குதிரைக்குத் தீனி போடும் பணம்

முதல் நாள், வெள்ளி: கேஎல்சிசி பூங்கா

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் காலடிப் பூங்காவில் 1.3 கிலோமீட்டருக்கு ரப்பர் பதித்த ஓட்டப்பாதை இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் அதில் கூட்டம் சேரும். கோபுரங்கள் வருமுன் இந்த மண்ணில் ஓடியவை குதிரைகள். 1896இல் தொடங்கிய சிலாங்கூர் பந்தய மன்றத்தின் திடல் ஆம்பாங் சாலையோரம் ஏறத்தாழ 100 ஏக்கரில் விரிந்து கிடந்தது. அந்த இடத்தில்தான் இன்றைய கோபுரங்களும் பூங்காவும் பேரங்காடியும் நிற்கின்றன.

பயணத்தை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. பந்தயத் திடல் என்பது இரண்டு சொத்து. ஒன்று, அங்கே விற்கும் டிக்கெட். மற்றது, அதன் அடியில் கிடக்கும் நிலம். டிக்கெட் விற்பனை தளரும்போதெல்லாம் நிலத்தின் விலை முன்னுக்கு வந்து நிற்கும். ஆகவே ஒரு திடல் மூடும்போது "சூதாட்ட மையம் கொன்றுவிட்டது" என்று ஒரே காரணம் சொல்வது பாதி உண்மைதான்.

இந்த இடத்தில் ஆனந்த கிருஷ்ணனை நினைக்காமல் போக முடியாது. 1938இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, 2024 நவம்பரில் மறைந்தவர். கேஎல்சிசி திட்டத்தின் பின்னால் நின்ற முக்கியமானவர்களில் ஒருவர். 'டா மா சாய்' எண் குலுக்கல் கடைகளை நடத்தும் பான் மலேசியன் பூல்ஸ் நிறுவனத்தையும் தம் டாஞ்சோங் குழுமத்தின் வழியே நெடுங்காலம் வைத்திருந்தார். அந்தக் கடைகளின் உரிமம் எந்தச் சட்டத்தில் வருகிறது என்று பார்த்தால், குதிரைப் பந்தயத்துக்காக 1961இல் எழுதிய டோட்டலைசேட்டர் வாரியச் சட்டம். புதன், சனி, ஞாயிறுகளில் நம் ஆட்கள் 'நம்பர்' எடுக்கும் கடைக்கும் குதிரை லாயத்துக்கும் சட்டப்படி ஒரே வேர்.

இந்தப் பயணம் முழுக்கத் தொடரப்போவது ஒரு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை. டிக்கெட் கவுண்டரில் நீட்டிய அந்த நோட்டு எத்தனை கை மாறித் தீனித் தொட்டிக்குப் போய்ச் சேர்கிறது, நடுவில் சூதாட்ட மையம் வந்து நின்றால் அதன் வழி எப்படித் திரும்புகிறது என்பதே கேள்வி. இது அவசரமான கேள்வி. மக்காவில் 2024 மார்ச் 30 அன்று கடைசிப் பந்தயம் ஓடியது. சிங்கப்பூர் கிராஞ்சியில் அதே ஆண்டு அக்டோபர் 5. பினாங்கின் பத்து காந்தோங்கில் 2025 மே. பதினான்கே மாதத்தில் மூன்று ஊர்கள்.

இரண்டாம் நாள், சனி: சுங்கை பெசி

பெர்சியாரான் கேஎல்சிசி நிலையத்தில் புத்ராஜெயா தட எம்ஆர்டி ஏறினால் மாறாமல், சிலாங்கூர் மன்றம் இப்போது இருக்கும் சுங்கை பெசிக்கு வந்துவிடலாம். அங்கிருந்து வாடகைக் கார். கிளம்புமுன் பந்தயம் இங்கேயா ஈப்போவிலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மன்றங்கள் நாள்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இன்னோர் ஊரில் ஓடும் நாளில் இங்கே திரைகள் மட்டும்தான் இருக்கும்.

உள்ளே போனதும் பந்தயப் புத்தகத்தை வாங்கி, குதிரைகளின் பெயரைப் பார்க்குமுன் ஒவ்வொரு பந்தயத்திலும் எத்தனை குதிரை ஓடுகிறது என்று எண்ணுங்கள். தொழிலின் நாடித்துடிப்பு அந்த எண்ணில்தான் இருக்கிறது. பன்னிரண்டு ஓடினால் பணம் பரவும், கணிப்புகள் முட்டிக்கொள்ளும், முதல் மூன்றை வரிசையாகச் சொல்லும் டியர்ஸ் டிக்கெட்டுக்கு ஆசை பிறக்கும். ஆறு ஓடினால் எல்லாரும் ஒரே ஃபேவரிட் மீது விழுவார்கள், கிடைப்பது சொற்பம், மூன்றாம் இடத்துக்குப் பணமும் இராது. மதியம் பெருமழை கொட்டி மண் குழைந்தால், கால் பலவீனமான குதிரையைப் பயிற்றுநர் பின்வாங்கிக்கொள்வார். அதுவும் அந்த எண்ணைத்தான் குறைக்கும்.

இங்கே டிக்கெட் பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேர்ந்து, பிடித்தம் போக வென்றவர்களுக்குப் பிரியும். இந்த டோட் (டோட்டலைசேட்டர்) முறை 1867இல் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் கொண்டுவந்தது. இதில் மன்றம் யாருக்கும் எதிராகப் பந்தயம் கட்டுவதில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கட்டுகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு. முதலிடத்தைச் சொல்லும் 'வின்' டிக்கெட் குவியலில் 1,00,000 வெள்ளி சேர்ந்தது, பிடித்தம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80,000. நான்காம் எண் குதிரை மீது 16,000 விழுந்திருந்தால் வெள்ளிக்கு ஐந்து, ஐந்து வெள்ளி டிக்கெட்டுக்கு 25. கதவு திறக்க ஒரு நிமிடம் இருக்கையில் அதே குதிரை மீது மேலும் 10,000 விழுகிறது. குவியல் 1,10,000, பிடித்தம் போக 88,000, நான்காம் எண் மீது 26,000. இப்போது ஐந்து வெள்ளிக்கு 16 வெள்ளி 92 காசு. கீழ்நோக்கி முழுமைப்படுத்தி 16.90 கொடுப்பார்கள். முன்பே வாங்கியவருக்கும் அதே 16.90தான். குவியல் சிறுக்கச் சிறுக்க இந்த ஆட்டம் பெரிதாகும். ஆயிரம் வெள்ளி கட்டுகிறவர் தம் பணத்தாலேயே தம் விலையைக் கெடுத்துக்கொள்வார். பெரிய கைகள் சிறிய குவியலை விட்டு ஓடுவது இதனால்தான். அவர்கள் போனால் குவியல் இன்னும் சிறுக்கும்.

வெளியே சட்டவிரோதமாகப் பந்தயப் பணம் வாங்கும் புக்கியிடம் இந்தத் தொல்லை இல்லை. கடனுக்கு எழுதிக்கொள்வார், தோற்றதில் ஒரு பங்கைத் தள்ளியும் விடுவார். அவரால் முடிகிறது, ஏனென்றால் அவர் வரி கட்டுவதில்லை, எந்தக் குதிரைக்கும் ஒரு கைப்பிடி ஓட்ஸ் வைப்பதில்லை. பந்தயம் நடத்தும் செலவு முழுக்க மன்றத்துக்கு, பந்தயத்தின் மீது கட்டும் பணம் அவருக்கு.

அந்த 20 விழுக்காட்டுக்கு வருவோம். அதிலிருந்து அரசு வரி முதலில் போகும். பிறகு புல்தரை, டோட் இயந்திரம், ஊழியர் சம்பளம், மருந்துச் சோதனை. எஞ்சியதுதான் பரிசுப் பணம். பரிசுப் பணத்தை நம்பித்தான் உரிமையாளர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குதிரை வாங்கிக் கொண்டுவருகிறார். நம் நாட்டில் பந்தயக் குதிரை வளர்ப்பு என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை, எல்லாம் இறக்குமதி. முன்பு எங்குமே ஓடியிராத புதுக் குதிரைகளை 'கிரிஃபின்' என்பார்கள். ஆக, பரிசு குறைந்த அந்த ஆண்டே லாயம் காலியாவதில்லை. இருப்பவை வயதாகி ஓய்வு பெறும், புதியவை வராது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் புத்தகத்தில் ஆறு பெயர் நிற்கும்போதுதான் வெளியாருக்குத் தெரியும்.

எத்தனை குதிரை வேண்டும் என்பதையும் கணக்குப் பார்க்கலாம். ஒரு நாளில் எட்டுப் பந்தயம், ஒவ்வொன்றிலும் பத்து என்றால் 80 குதிரை. ஒரு குதிரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓடுவதே அதற்கு நல்லது. வாரம் ஒரு நாள் பந்தயம் நடத்த 240 முதல் 320 குதிரைகள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். கால்வலி, இருமல், ஓய்வு என்று நிற்பவற்றையும் சேர்த்தால் 400ஐத் தொடும்.

500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 2 விழுக்காடு, அதாவது 10 கிலோ தின்னும். வைக்கோலும் லூசெர்னும் ஓட்ஸும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. வெள்ளியின் மதிப்பு சரிந்தால் தீனி விலை ஏறும். நம் வெக்கையில் 50 லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும், அதோடு உப்புச் சத்து. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம். வெயிலுக்கு முன் பயிற்சி முடிய வேண்டும் என்பதால் லாயத்தில் வேலை விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். குளிர் நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இங்கே சில மாதங்களில் வியர்ப்பதே நின்றுபோகும். மூக்குத் துளை விரிந்து மூச்சு வாங்கும், நெற்றி முடி உதிரும், தோல் காய்ந்து சொரசொரக்கும். மின்விசிறி, குளிர்ந்த நீர், வேலைக் குறைப்பு என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் அந்தக் குதிரை இந்த ஊரில் ஓடாது. போட்ட பணம் அத்தோடு சரி.

இதை முதலில் கண்டுபிடிக்கிறவர் மருத்துவர் அல்லர், குதிரையைப் பராமரிக்கும் சைஸ். காலையில் முதுகைத் தேய்க்கும்போது கை ஈரமாகவில்லை என்பதை அவர்தான் அறிவார். மலாயாவின் லாயங்களில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். பந்தய வரலாறு எழுதுகிறவர்கள் ஜாக்கியையும் உரிமையாளரையும் பதிகிறார்கள். குதிரையின் நான்கு காலையும் தினம் தடவிப் பார்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு: கெந்திங் மலை

கேஎல் சென்ட்ரலிலிருந்து பேருந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவானா. அங்கிருந்து கேபிள் காரில் பத்து நிமிடம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. லிம் கோ தோங்குக்கு 1969இல் உரிமம் கிடைத்து 1971இல் திறந்தது. நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே சூதாட்ட மையம் இன்றுவரை இதுதான்.

இங்கே பார்க்க வேண்டியது மேசையின் வேகம். பாக்கரட் சீட்டாட்ட மேசையில் மணிக்கு 70 ஆட்டம் வரை போகும். 'பேங்கர்' மீது கட்டினால் நீண்டகாலச் சராசரியில் மேசைக்குச் சேருவது 1.06 விழுக்காடு, 'பிளேயர்' மீது 1.24. ('டை' மீது கட்டினால் 14க்கும் மேல், அந்தப் பக்கமே போக வேண்டாம்.) ஒற்றைச் சுழிய ரூலெட்டில் 2.7, இரட்டைச் சுழியத்தில் 5.26. பந்தயத்தின் 20 விழுக்காட்டுக்கு எதிரே இவை தூசு போலத் தெரியும். "சூதாட்ட மையமே மேல்" என்று பலர் சொல்வதும் இதை வைத்துத்தான்.

நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் படம் மாறும். பந்தயத்தில் எட்டு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி, மொத்தம் 800 கட்டுகிறோம். 20 விழுக்காடு என்றால் சராசரி இழப்பு 160. பாக்கரட்டில் ஆட்டத்துக்கு 50 வெள்ளி, நான்கு மணி நேரத்தில் 280 ஆட்டம், மேசையில் உருண்டது 14,000. இழப்பு 148 முதல் 174 வரை. இரண்டும் ஒன்றேதான். ஆனால் அங்கே எட்டு முறை நெஞ்சு படபடத்தது, இங்கே 280 முறை. முடிவுக்கு அரை மணி காத்திருக்கப் பழகியவரை ஒரு நிமிடத்துக்குப் பழக்கிவிட்டால் அவர் திரும்பி வருவது அரிது.

இரண்டாவது வித்தியாசம் இதைவிடப் பெரியது. வாடிக்கையாளர் இழந்த அந்த 160 வெள்ளியில் பந்தய மன்றம் எண்பது குதிரைகளையும் அவற்றைச் சூழ்ந்தவர்களையும் தாங்க வேண்டும். சூதாட்ட மையம் சீட்டுக்கட்டுக்கும் மேசைக்கும் ஊழியருக்கும் செலவழித்தால் போதும். ஒரே வருமானம், விளையாட்டை உண்டாக்கும் செலவு மட்டும் மலைக்கும் மடுவுக்கும். குதிரைப் பந்தயம் விலை குறைத்துப் போட்டியிட முடியாததன் காரணம் இது. பிடித்தத்தை ஐந்து விழுக்காட்டுக்கு இறக்கச் சொல்வது எளிது. யார் தீனியைக் குறைப்பது?

கெந்திங் கட்டும் சூதாட்ட வரி கூட்டரசுக்குப் போகிறது. அதில் பந்தய மன்றங்களுக்கென்று சட்டப்படி ஒதுக்கிய பங்கு இல்லை. ஆனால் இதே கெந்திங், நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரத்தில், அக்வடக்ட் குதிரைப் பந்தயத் திடலிலேயே 2011 அக்டோபரில் ஓர் ஆட்டக்கூடம் திறந்தது. அங்கே சட்டம் வேறு. ஸ்லாட் எனும் சூதாட்ட இயந்திரத்தின் நிகர வருமானத்தில் ஒரு பங்கு பந்தயப் பரிசுக்கும், ஒரு பங்கு குதிரை வளர்ப்பவர்களுக்கும் போக வேண்டும். நம் மலையில் பிறந்த நிறுவனம் நியூயார்க் குதிரைக்குத் தீனி போட்டது. பத்து காந்தோங் குதிரைக்குப் போட அதற்குக் கடமை இருக்கவில்லை. இது நிறுவனத்தின் குற்றம் இல்லை. சட்டம் எழுதியவர்கள் நியூயார்க்கில் கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை.

நான்காம் நாள், திங்கள்: பட்டர்வொர்த் ரயில்

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஈப்போ நடுவில் வரும். 1886இல் தொடங்கிய பேராக் பந்தய மன்றம் அங்கேதான். வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நேற்றைய நியூயார்க் கதையின் மறுபாதியை எழுத இந்த நேரம் போதும்.

ஸ்லாட் பணம் வந்ததும் அக்வடக்டில் பரிசுத் தொகை குதித்தது. கீழ்த்தட்டுப் பந்தயங்களில் அது விபரீதமானது. அமெரிக்காவில் 'கிளெய்மிங்' என்றொரு வகை உண்டு. ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டிருக்கும். உரிமம் உள்ள எவரும் பந்தயத்துக்கு முன் அந்த விலையைக் கட்டி, பந்தயம் முடிந்ததும் குதிரையைக் கொண்டுபோகலாம். நல்ல குதிரையை மட்டமான பந்தயத்தில் யாரும் நுழைக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. குதிரையின் விலை பரிசைவிட அதிகமாக, அல்லது பரிசுக்கு நெருக்கமாக இருக்கும்வரை இது வேலை செய்யும். ஸ்லாட் பணம் அந்த விகிதத்தை உடைத்தது. 7,500 டாலர் குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு பரிசு வந்தது. காலில் நோவு உள்ள குதிரையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம், குதிரை போனாலும் பரவாயில்லை என்ற எண்ணத்துக்கு அது கதவு திறந்தது. 2011 நவம்பர் இறுதியிலிருந்து 2012 மார்ச் நடு வரை அக்வடக்டில் 21 குதிரைகள் இறந்தன. மாநில ஆளுநர் அமைத்த குழு 2012 செப்டம்பரில் தந்த அறிக்கை, குதிரையின் விலைக்கும் பரிசுக்கும் இருந்த இந்தப் பொருத்தமின்மையையும் காரணங்களில் ஒன்றாக வைத்தது. பணம் வந்தும் குதிரை செத்தது என்பதை மறக்கவே கூடாது. பந்தயம் கட்டுகிறவர் தரும் பணம் மேல்தட்டுப் போட்டியைத் தேடிப் போகும், ஏனென்றால் கூட்டம் பார்ப்பது அதைத்தான். மேலிருந்து கொட்டும் ஸ்லாட் பணம் யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் எல்லாப் பந்தயத்தையும் நிரப்பும்.

இன்னோர் ஆபத்து, கொடுத்த கை பின்வாங்குவது. கனடாவின் ஒன்டாரியோவில் 1998 முதல் பந்தயத் திடல்களில் ஸ்லாட் இயந்திரங்கள் இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 345 மில்லியன் கனடிய டாலர் பந்தயத் துறைக்குப் போனது. 2012 மார்ச்சில் மாநில அரசு அந்தத் திட்டத்தை முடிப்பதாக அறிவித்தது. 2013 மார்ச் 31 அன்று முடிந்தது. இடையில் ஓராண்டு. குதிரை வளர்ப்பில் இது எவ்வளவு குறுகிய காலம் என்று பாருங்கள். பெண் குதிரை கருவுற்று ஈன 11 மாதம். பிறந்த குட்டி முதல் பந்தயம் ஓட இரண்டு ஆண்டு. அறிவிப்பு வந்த நாளில் வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு ஓடப் பந்தயம் எங்கே என்று தெரியாத நிலை. பிறகு இடைக்கால உதவி என்று ஏதோ வந்தது, ஆனால் பெட்டைகளை விற்றுவிட்ட பண்ணை திரும்ப வாங்குமா?

ஃபுளோரிடாவில் நடந்தது வேறு வகை. முதலில், சூதாட்ட இயந்திரம் வைக்க வேண்டுமானால் பந்தயமும் நடத்த வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டிருந்தது. வண்டிக் குதிரைப் பந்தயத்துக்கு அந்தக் கட்டு 2021இல் அவிழ்ந்தது. பொம்பானோ பார்க் 2022 ஏப்ரலில் பந்தயத்தை நிறுத்திவிட்டு ஆட்டக்கூடத்தைத் தொடர்ந்தது. இயந்திரத்துக்கு உரிமம் வாங்கித் தரும் சாவியாக மட்டுமே குதிரை இருந்தால், கதவு திறந்த பின் சாவியை யாரும் வைத்திருப்பதில்லை.

சிங்கப்பூரில் இயந்திரத்திலிருந்து பங்கும் வரவில்லை, சாவி வேலையும் இல்லை. 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் இரண்டு சூதாட்ட மையங்கள் திறந்தன. குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி நுழைவுக் கட்டணம். 2019இல் அது 150 ஆனது. கிராஞ்சி பந்தய நாளின் சராசரிக் கூட்டம் 2010இல் ஏறத்தாழ 11,000. 2019இல் 6,000. பெருந்தொற்றுக்குப் பிறகு 2,600. அந்த அரங்கு 30,000 பேருக்குக் கட்டியது. ஏறத்தாழ 120 ஹெக்டேர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திருப்பித் தர வேண்டும். அங்கே வீடுகள் வரும். வெள்ளியன்று சொன்ன நிலக் கணக்கு இங்கேயும் நிற்கிறது.

மக்காவோடு ஒப்பிட ஹாங்காங்கை வைத்தால் ஒரு வெளிச்சம் கிடைக்கும். மக்காவ் ஊர் முழுக்கச் சூதாட்ட மேசை. அங்கே பந்தயம் நிற்க முடியவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஹாங்காங்கில் சூதாட்ட மையத்துக்கே அனுமதி இல்லை. ஆனால் மக்காவ் ஒரு மணி நேரப் படகுத் தூரம்தான், போகிறவர்கள் போகிறார்கள். ஆயினும் ஹாங்காங்கின் ஹேப்பி வேலி, ஷாட்டின் பந்தயத் திடல்கள் நிரம்புகின்றன. இலாப நோக்கில்லாத ஒரே ஜாக்கி மன்றம், ஒரே பெரிய குவியல், வின், பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும்) டிக்கெட்டுகளில் 17.5 விழுக்காடு பிடித்தம், பெருந்தொகை கட்டித் தோற்பவருக்குப் பத்து விழுக்காடு திருப்பித் தரும் முறை. புக்கி தரும் சலுகையை மன்றமே சட்டத்துக்குள் தந்து பெரிய கைகளைப் பிடித்து வைத்தது. 2006இல் வரியைக் கட்டும் தொகை மீதிருந்து மன்றத்தின் நிகர வருமானத்துக்கு மாற்றியிராவிட்டால் அந்தச் சலுகைக்கு இடமே இருந்திராது.

கிராஞ்சி போனது நமக்கு அண்டை வீட்டுச் செய்தி அல்ல. சிங்கப்பூர், சிலாங்கூர், பேராக், பினாங்கு நான்கும் மலாயன் பந்தயச் சங்கத்தின் கீழ் ஒரே வட்டமாக இருந்தன. ஒரே விதிமுறை, குதிரைகளும் ஜாக்கிகளும் ஊர் மாறி ஓடினார்கள். பெரிய பரிசும் பெரிய குவியலும் இருந்த ஊர் வட்டத்தை விட்டுப் போனால், நல்ல குதிரை வாங்குகிறவரின் கனவும் சுருங்கும். இங்கே வாடிக்கையாளர் வட்டமும் சிறியது. முஸ்லிம்கள் சூதாடக் கூடாது என்பதால் பெரும்பாலும் சீனரும் இந்தியரும்தான்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: பத்து காந்தோங்

ஜார்ஜ் டவுனிலிருந்து ஸ்காட்லாந்து சாலை வழியே போனால் மரங்களுக்கு நடுவே திடலின் பச்சை தெரியும். 1864இல் தொடங்கிய மன்றம், நாட்டிலேயே பழையது. முதலில் மெக்காலிஸ்டர் சாலைப் பக்கம் ஓடியது. 1930களின் இறுதியில் இங்கே வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயில் அதிக தூரமில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கெந்திங் 1971இலிருந்து இருக்கிறது. அதற்குப் பிறகும் இந்தத் திடல் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடியது. பினாங்குக்காரர் ஒருவர் மலைக்குப் போக வேண்டுமானால் ஒரு நாள் விடுப்பும் பெட்ரோல் காசும் வேண்டும். சனிக்கிழமை மதியம் பத்து காந்தோங்குக்கு வர இருபது நிமிடம். அந்தத் தூரம்தான் பந்தயத்துக்குக் காவலாக இருந்தது. கைப்பேசி அந்தத் தூரத்தை அழித்தது. உரிமமில்லாத இணையச் சூதாட்டத்தில் பாக்கரட் மேசை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. அதில் அரசுக்கு வரியும் இல்லை, குதிரைக்குத் தீனியும் இல்லை. சிங்கப்பூரில் கட்டடமாக வந்தது, பினாங்கில் திரையாக வந்தது.

வெளிநாட்டுப் பந்தயத்தைத் திரையில் காட்டி டிக்கெட் விற்பது மன்றங்களுக்குச் சிறிது காலம் கைகொடுத்த வழி. செலவு குறைவு, லாயம் வேண்டாம், புல் வெட்ட வேண்டாம். ஆனால் ஆஸ்திரேலியப் பந்தயத்துக்கு விற்ற டிக்கெட்டில் ஒரு பங்கு கட்டணமாக அங்கே போய்விடும். அந்தப் பணம் அங்குள்ள குதிரையைக் காக்கும். நியூ சவுத் வேல்ஸில் தங்கள் பந்தயத்தை வைத்துத் தொழில் செய்யும் எந்த நிறுவனத்திடமும் விற்றுமுதலில் பங்கு கேட்கச் சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2012இல் பந்தய அமைப்பின் பக்கமே தீர்ந்தது. இணையத்தில் நடக்கும் சூதுக்கும் பந்தயத்துக்கும் நடுவே ஒரு குழாய் பதிக்க முடியும் என்பதற்கு இது சான்று. இங்கே அந்தக் குழாய் கடைசிவரை பதிக்கப்படவில்லை.

திடல் மூடினால் இளமையும் திறமையும் உள்ள குதிரை ஈப்போவுக்கோ சுங்கை பெசிக்கோ போகும். மற்றவற்றைச் சவாரிக்குத் தத்தெடுக்க நினைப்பவர்கள் அவசரப்படக் கூடாது. பந்தயக் குதிரை நாளில் 22, 23 மணி நேரம் லாயத்தில் நின்று, மாச்சத்து மிகுந்த தீனி தின்று பழகியது. வந்த நாளே தீனியை மாற்றினால் வயிற்று வலி வந்து இறந்துகூடப் போகலாம். ஓட்ஸை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து அந்த இடத்தில் புல்லையும் வைக்கோலையும் ஏற்ற வேண்டும். அலுமினியப் பந்தய லாடத்தைக் கழற்றிவிட வேண்டும். வெளியே விடுவது முதலில் அரை மணி, அதுவும் சிறிய வேலிக்குள், காலை வெயில் ஏறுமுன். பெரிய வெளியில் ஒரேயடியாக விட்டால் வெறிகொண்டு ஓடிக் காலை உடைத்துக்கொள்ளும். துணைக்கு நிதானமான வயதான குதிரை ஒன்று இருந்தால் நல்லது. சேணம் போடுவதை இரண்டு மூன்று மாதம் மறந்துவிடலாம். முன்னங்கால் தசைநாரைத் தினமும் காலையில் தடவிப் பார்த்து, சூடோ வீக்கமோ இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இந்த மாதங்களின் செலவை யார் கொடுப்பது என்பதையும் டிக்கெட் விற்கும்போதே முடிவு செய்திருக்க முடியும். கட்டிய ஒவ்வொரு 100 வெள்ளியிலும் பத்துக் காசை ஓய்வுபெறும் குதிரைக்கென்று ஒதுக்கினால், பத்து லட்சம் வெள்ளிக்கு டிக்கெட் விற்கும் நாளில் 1,000 வெள்ளி சேரும். ஆண்டுக்கு நாற்பது பந்தய நாள் என்றால் 40,000. சுங்கை பெசியிலும் ஈப்போவிலும் இன்னும் டிக்கெட் விற்கிறார்கள். அதே பத்துக் காசில் பாதியை, ஒரு லாயம் மூடும்போது வேலை இழக்கும் சைஸ்களுக்கு எழுதி வைக்கலாம். குதிரையின் காலில் கை வைத்து நோவு சொல்லத் தெரிந்தவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டால், தத்தெடுத்த குதிரையின் காலை நாளைக் காலையில் தடவிப் பார்க்க ஆள் இருக்காது.